ஆசிரியர் தொலைநோக்குப் பயிலரங்கு: இரண்டு நாளும் ஒரு நேரக் கணக்கும்

2024 ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்கள், கோவை அவிநாசி சாலையில் உள்ள ஒரு விடுதியின் கூட்ட அரங்கில், ‘ஆசிரியர் தமக்கான தொலைநோக்குக் கூற்றை எழுதுதல்’ என்ற பொருளில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்திய பயிலரங்கில் கலந்துகொண்டேன். கட்டணம் 2,400 ரூபாய். இரண்டு நாள் மதிய உணவு, தேநீர், 48 பக்கக் கைப்புத்தகம், பயிற்சி முடிந்த மூன்று மாதத்திற்குள் இருமுறை தொலைபேசி வழியாக வழிகாட்டுதல் ஆகியவை அதில் அடக்கம் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். அங்கே எழுதிய கூற்றை, அதாவது நாம் சென்று சேர விரும்பும் நிலையைச் சொல்லும் வாக்கியத்தை, ஐந்து மாதம் வகுப்பறையில் வைத்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய பயிற்சிக்குக் கைப்பணம் கட்டலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்கள், கட்டுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதே என் எண்ணம்.

நான் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பதினான்கு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், கைமடி என்று ஆளுக்கொரு வேலை, சனிக்கிழமை சம்பளம். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் சம்பளம் வாங்கிய கையோடு சொந்த ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை நண்பகலில் திரும்புவார்கள் என்பதால், திங்கட்கிழமை முதல் பாடவேளையில் என் வகுப்பில் எப்போதும் சில இடங்கள் காலியாக இருக்கும்.

இப்படி ஒரு பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஏற்பட்டது. கழிப்பறைக் கதவு, காலை உணவு, சத்துணவு முட்டை எல்லாம் பேசி முடித்த பிறகு, செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் என்னைப் பார்த்து, “ஏனுங் சார், இந்தப் பசங்க எட்டாவது முடிச்சுப் போறப்ப எப்படி இருக்கோணும்னு நீங்க நெனச்சு வெச்சிருக்கறீங்க?” என்று கேட்டார். நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று பதில் சொன்னேன். “அது எல்லாருஞ் சொல்றதுதானுங்களே” என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே வேறொரு பதிலை எதிர்பார்த்து அவர் கேட்டிருந்தார். என்னிடம் அது இல்லை.

பயிலரங்கின் முதல் நாள் முற்பகல் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒருவருக்கொருவர் அறிமுகமாவதற்கான விளையாட்டுகளிலும், வெளிநாட்டுப் பேச்சாளர்களின் காணொளிகளிலுமாக இரண்டரை மணி நேரம் போயிற்று. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் சென்றால் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிறது. தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் அதைத் தொடங்கினார். பின்னர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். ஒரு மனிதர் கல்வியைப் பற்றித் தமக்கென்று கொண்ட கருத்து எப்படி ஒரு வளாகமாகவும் தொழிற்பட்டறையாகவும் தோட்டமாகவும் விடுதி நடைமுறையாகவும் மாறும் என்பதைக் காட்ட, இவ்வளவு அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தும் அதைப் பற்றி ஒரு சொல்கூட அந்த அரங்கில் பேசப்படவில்லை. கொங்கு நாட்டு ஆசிரியர்கள் நாற்பது பேரை உட்காரவைத்துக்கொண்டு பேசும்போது இதைத் தவறவிட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

அடுத்து, அறுபது பண்புச் சொற்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, நமக்கு உகந்தவை என்று தோன்றும் பத்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஐந்தாகக் குறைத்து, பின் மூன்றாகக் குறைத்து, அந்த மூன்றையும் கோத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ஊக்கம், நேர்மை, படைப்பாற்றல், அன்பு, தலைமைப் பண்பு என்று எல்லாமே நல்ல சொற்கள்தான். சிக்கல் என்னவென்றால், கூட்டத்தில் படித்துக் காட்டப்பட்ட வாக்கியங்களில் எது நாமக்கல் தனியார் பள்ளி ஆசிரியருடையது, எது தாளவாடி மலைப் பள்ளி ஆசிரியருடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் எழுதியதும் அப்படித்தான் இருந்தது: “என் வகுப்பின் ஒவ்வொரு குழந்தையும் கணிதத்தை அச்சமின்றிக் கற்று, தன்னம்பிக்கை மிக்க குடிமக்களாக வளரத் தூண்டுகோலாக இருப்பேன்.” இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நான் நாளைக் காலை எதை வேறுவிதமாகச் செய்வேன் என்று கேட்டால் அதற்கு இந்த வாக்கியத்தில் விடை கிடையாது.

கைப்புத்தகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்காகத்தான். அட்டை அழகு, கட்டு உறுதி. உள்ளே உள்ள தாளோ வழவழப்பான தாள். மை பேனாவால் எழுதினால் உலர்வதற்குள் உள்ளங்கை பட்டு இழுகிவிடுகிறது. எழுதுவதற்கான புத்தகத்தில் இதைக் கவனிக்காமல் விட்டது வியப்பாக இருந்தது. ‘நான் ஏன் ஆசிரியரானேன்?’ என்ற கேள்விக்கு இரண்டே வரி இடம். அதற்கு எதிர்ப்பக்கம் முழுவதும் ஒரு சூரிய உதயப் படம். பாதிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கங்களின் நடை, ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்தது போல முரட்டுத்தனமாக இருக்கிறது. ‘மாற்றத்தின் முகவராகிய நான்’ என்று தொடங்கும் ஒரு மாதிரி வாக்கியத்தைப் படித்ததும், பக்கத்தில் இருந்த ஆசிரியை என்ன முகவர் என்று என்னிடம் கேட்டார். முகவர் என்றால் எங்கள் இருவருக்கும் காப்பீட்டுக்காரர்தான் நினைவுக்கு வந்தார். ஆசிரியர்கள் நாள் முழுவதும் தமிழில் பேசி, தமிழில் பாடக்குறிப்பு எழுதி, தமிழில் கற்பிக்கிறவர்கள். அவர்கள் தம் பணியைப் பற்றித் தமக்கே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் தமிழில் பிறக்க வேண்டுமென்றால், அதற்கான புத்தகமும் தமிழில் யோசித்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிற்பகலில் பயிற்சி கொஞ்சம் தெளிவு பெற்றது. தொலைநோக்கு, நோக்கம், குறிக்கோள் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம் என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். நாம் சென்று சேர விரும்பும் நிலை எது என்று சொல்வது தொலைநோக்கு. அதற்காக நாள்தோறும் நாம் மேற்கொள்ளும் பணி நோக்கம். காலமும் அளவும் குறித்து, முடிந்ததா இல்லையா என்று பார்க்கக் கூடியது குறிக்கோள். ‘இந்தப் பருவத்திற்குள் ஏழாம் வகுப்பில் அனைவரும் பின்னக் கூட்டலில் தேற வேண்டும்’ என்பது குறிக்கோள். அது நிறைவேறியதும் முடிந்துவிடும். தொலைநோக்கு அப்படி முடிவதில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பிள்ளைகளுக்கும் அது பொருந்த வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பள்ளிச் சுவர்களில் தேர்ச்சி விழுக்காட்டைத் தொலைநோக்கு என்று எழுதி வைக்கிறோம்.

இந்தக் கருத்து ஆசிரியர் கல்வியில் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொன்னார்கள். கனடா நாட்டுக் கல்வியாளர் மைக்கேல் ஃபுல்லன் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மாற்றத்தைக் கொண்டுவரும் ஆசிரியருக்கு நான்கு திறன்கள் வேண்டும் என்கிறார்: தனக்கென ஒரு தொலைநோக்கை அமைத்துக்கொள்ளுதல், இடைவிடாத தேடல், தொழிலில் தேர்ச்சி, பிறரோடு கூடிச் செயல்படுதல். நான் ஏன் கற்பிக்க வந்தேன், எதை மாற்ற விரும்புகிறேன் என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்வதிலிருந்து முதலாவது திறன் தொடங்குகிறது. நான்கையும் திரையில் காட்டிய பயிற்சியாளர், முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிட்டார். தேடலும் தேர்ச்சியும் துணையும் இல்லாத தொலைநோக்கு, நல்ல நாளில் சட்டம்போட்டு மாட்டிய படமாக நின்றுவிடும். நான் இதை மிகையாகச் சொல்லவில்லை. முதல் நாள் மாலையே, கூற்றை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தர 350 ரூபாய் தனிக் கட்டணம் என்று அறிவித்தார்கள். மறுநாள் அதைத் திருத்தி எழுதப் போகிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தும் அறிவித்தார்கள்.

இரண்டாம் நாளை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். நான் கட்டிய பணத்தில் முக்கால் பங்கு அவர் நடத்திய முற்பகலுக்கே தகும். காணொளி, விளையாட்டு எதுவும் இல்லை. ஆளுக்கொரு பெரிய தாளைக் கொடுத்து, சென்ற வாரத்தின் கால அட்டவணையைக் கட்டம் போட்டு வரையச் சொன்னார். ஐந்து நாள், நாளைக்கு எட்டுப் பாடவேளை, நாற்பது கட்டங்கள். அவற்றோடு காலையில் மணி அடிப்பதற்கு முன்னுள்ள நேரம், உணவு இடைவேளை, மாலை நேரம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பாடம் நடத்தினோம் என்று எழுதக் கூடாது. அந்த நேரம் யாருக்குப் போயிற்று என்று எழுத வேண்டும்.

நான் எழுதிய கணக்கு இது. நாற்பதில் இருபத்தாறு பாடவேளை வகுப்பில் கற்பித்தது. ஆறு, பள்ளி விவரங்களை ஏற்றும் ‘எமிஸ்’ இணையப் பதிவுகளுக்கும் நலத்திட்டப் பட்டியல்களுக்கும். ஐந்து, நோட்டுத் திருத்தம். மூன்று, விடுப்பில் இருந்த ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொண்டது. ஐந்து நாள் உணவு இடைவேளையிலும் அரை மணி நேரம் வீதம் எட்டாம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் திறன் உதவித்தொகைத் தேர்வுக்கான பயிற்சி. அந்தத் தேர்வில் வெற்றி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு அது சிறிய தொகை இல்லை. ஆகவே அந்த அரை மணி நேரத்தை நான் வீணென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஒன்பது பிள்ளைகளுக்கென்று அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர்கள் இருபத்தாறு பாடவேளைக்குள் எங்கோ இருந்தார்கள்; ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லுக்குள் இருந்தார்கள்.

தலைமையாசிரியர் ஐயா ஒவ்வொருவர் அருகிலும் வந்து உட்கார்ந்தார். என் முதல் நாள் வாக்கியத்தையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரலை வாக்கியத்திலும் இன்னொரு விரலைக் கட்டங்களிலும் வைத்தபடி, “இந்த ‘ஒவ்வொரு’ங்கறது இந்தக் கட்டத்துல எங்கீங்க வருது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த ஒன்பது பிள்ளைகளின் நிலைக்குக் காரணம் என்னவென்று பள்ளியில் இருந்தபோதே எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதே போதும் என்று இருந்துவிட்டேன். 2024-25-இல் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள். மூன்று இலக்க எண்களைக் கழிக்கப் பழக வேண்டிய மூன்றாம் வகுப்பு முழுவதும் அவர்கள் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அரசு 2022-இல் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கியபோது அவர்கள் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் அது வந்தபோது ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இரண்டு முறையும் கதவு இவர்கள் கடந்து போன பிறகு திறந்திருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கும்போது, என் தொலைநோக்குக் கூற்றில் அவர்களுக்கு இடமில்லை என்றால் அது யாருக்காக எழுதப்பட்டது?

அன்று பிற்பகலில் நடந்த ஒன்று, நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. கலங்கரை விளக்கம், ஏணி, மெழுகுவத்தி, கப்பல் தலைவர் என்று படங்கள் அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்து, ஆசிரியராகிய உங்களை எதனோடு ஒப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தமிழாசிரியை எழுந்து, கடலே இல்லாத நம் ஊரில் கலங்கரை விளக்கத்தைத் தேடுவானேன், ஆசிரியருக்கு உவமை சொல்ல நன்னூல் இருக்கிறதே என்றார். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம், பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம்தான் என்று கொங்கு நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தமிழாசிரியை அந்த உரிமையோடு பேசினார். ஐயா தம் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு முன் வரிசையில் போய் அமர்ந்தார்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறது: நிலம், மலை, துலாக்கோல், மலர். நிலம் பொறுமை உடையது. பருவமும் உழவர் முயற்சியும் எவ்வளவோ அவ்வளவு பயன் தருவது. மலை, மழை இல்லாத காலத்திலும் தன்னிடமிருந்து வளம் தருவது. துலாக்கோல் ஐயம் தீர அளவு காட்டுவது. இரு பக்கத்திலும் சாயாதது. மலர், காலத்தில் முகம் மலர்வது. யாவரும் விரும்பி ஏற்பது. இந்த நூற்பா ‘குலன்’ என்ற தகுதியோடு தொடங்குகிறது; அதை இன்று நாம் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது என்று அந்த ஆசிரியையே முதலில் சொல்லிவிட்டார். அதன் பிறகு, ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குப் பவணந்தியார் சொல்லும் நான்கு உவமைகளுக்கு வந்தார். கழற்சிக் காய் நிரப்பிய குடம்: போட்ட வரிசையில் வெளியே வராது, கவிழ்த்தால் தாறுமாறாக விழும். மடல் சூழ்ந்த பனை: ஏறிப் பறிக்க விடாது, தானாக உதிர்ந்தால்தான் பழம். பஞ்சு அடைத்த குடுவை: உள்ளே போவதும் கொஞ்சம் கொஞ்சமாக, வெளியே வருவதும் கொஞ்சம் கொஞ்சமாக. நான்காவது முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் பாய்ச்ச, வேலிக்கு அப்பால் வளைந்து போய் இன்னொருவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் தென்னை.

அரங்கில் பாதிப் பேர் பொள்ளாச்சி, உடுமலை, கோபிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வேலி தாண்டிய தென்னையால் வரும் சண்டையை அறியாதவர் ஒருவரும் இல்லை. அந்த உவமையைக் கேட்டதும் என் நேரக் கணக்குத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகளின் பெற்றோரும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரைப் போன்ற நம்பிக்கையோடுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள். என் உணவு இடைவேளை மட்டும் வேலிக்கு அப்பால் விழுந்துகொண்டிருந்தது. அறுபது பண்புச் சொற்களும் செய்யாததை அந்த ஒரு மரம் எனக்குச் செய்தது. பாடம் சொல்லும் முறையைப் பற்றிப் பேசும்போது கொள்வோன் கொள்வகை அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறது நன்னூல். பிள்ளை எதை, எப்படி வாங்கிக்கொள்ளும் என்று முதலில் அறிய வேண்டும் என்பது அதன் பொருள். இதைவிடச் சுருக்கமான, இதைவிடக் கடினமான ஒரு தொலைநோக்கை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மாலையில் கூற்றைத் திருத்தி எழுதினோம். முன்பின் அறியாத ஓர் ஆசிரியரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் செய்து, ‘இதில் உங்கள் பள்ளி எங்கே தெரிகிறது, நாளைக்கு எது மாறும்’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்ன முறை மிக நன்று. என்னோடு அமர்ந்தவர் அந்தியூர்ப் பக்கத்து ஆசிரியர். நான்கு முறை என்னைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் நின்றது இது: “எட்டாம் வகுப்பு முடித்து என்னைவிட்டுப் போகும் பிள்ளை, தன் வீட்டுச் சம்பளக் கணக்கைத் தானே போட்டுச் சரிபார்க்கத் தெரிந்து போக வேண்டும். அதற்காக, பின்தங்கிய பிள்ளைக்கு என் நாளின் முதல் நேரத்தைக் கொடுப்பேன். மிச்ச நேரத்தைக் கொடுக்க மாட்டேன்.” மேடையில் படிக்கும்போது இதற்குக் கைதட்டல் அவ்வளவாக இல்லை. பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில் ஏமாறும் குடும்பங்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு இது போதும் என்று தோன்றியது.

சாப்பாடு நன்றாக இருந்தது. அரங்கில் குளிர்சாதனம் தேவைக்கு அதிகம். பேருந்தில் வருகிறவர்களுக்கு இடம் வசதி.

குறைசொல்ல வேண்டிய முக்கியமான இடம், பயிற்சிக்குப் பிந்தைய வழிகாட்டுதல். மூன்று மாதத்தில் இருமுறை என்று சொன்னதில் ஒருமுறைதான் அழைத்தார்கள். அதுவும் ஒரு புதன்கிழமை முற்பகல் 11 மணி அளவில், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது. பள்ளி நேரத்தில் ஆசிரியர் வகுப்பில் இருப்பார் என்பது ஆசிரியருக்குப் பயிற்சி தருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் நானே திரும்ப அழைத்தேன். பேசிய பெண் கனிவாகப் பேசினார், ஆனால் என் கூற்று என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியின் முடிவில் எங்களிடமிருந்து நகல் வாங்கிக்கொண்டார்களே என்றேன். தேடிப் பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார். அந்த அழைப்பு வரவில்லை. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. கூற்று எழுதுவது இரண்டு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவதுதான் ஆண்டு முழுவதுமான வேலை என்று அவர்களே கைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு முழுவதுமான வேலையில் அவர்கள் பங்கை அவர்கள் செய்யவில்லை.

கூற்றை என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் பயிற்சி பயன்பட்டதா என்று சொல்ல முடியாது. அதைச் சட்டம் போடவில்லை. பாடக் குறிப்பேட்டின் உள் அட்டையில் ஒட்டி வைத்தேன். உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சியை மாலை நான்கரை மணிக்கு மாற்றினேன்; அந்த ஆறு பிள்ளைகளும் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்பதால் அது முடிந்தது. காலையில் மணி அடிப்பதற்கு முன் உள்ள இருபத்தைந்து நிமிடத்தை ஒன்பது பேருக்கு ஒதுக்கினேன். காலை உணவு முடிந்த கையோடு தொடக்கப் பிள்ளைகள் தட்டுக் கழுவும் சத்தத்துக்கு நடுவில், வராந்தாவில் பாய் விரித்து உட்கார்வோம்.

முதல் வாரத்தில் ஒரு சிறுமியிடம் 402-இல் 157-ஐக் கழிக்கச் சொன்னேன். 355 என்று எழுதினாள். ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள்: 7-இல் 2 போனால் 5, 5-இல் 0 போனால் 5, 4-இல் 1 போனால் 3. இப்படிச் செய்கிற பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று இல்லை. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது என்ற இடத்தில் தனக்குத் தெரிந்த வழியில் போயிருக்கிறாள். அவளுடைய அம்மா பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர். ஆகவே பெட்டி, கட்டு, பீஸ் என்று தொடங்கினேன். நான்கு பெட்டி இருக்கிறது, உதிரியாக இரண்டு பீஸ் இருக்கிறது, கட்டு ஒன்றுகூட இல்லை. ஏழு பீஸ் கேட்டு ஆள் வந்து நிற்கிறார், என்ன செய்வாய் என்றேன். “பெட்டியப் பிரிக்கோணுங் சார்” என்றாள். பிரித்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டைப் பிரித்தால் பத்து பீஸ். இப்போது மூன்று பெட்டி, ஒன்பது கட்டு, பன்னிரண்டு பீஸ். 245 என்று அவளே எழுதினாள். எழுதிவிட்டுச் சற்று நேரம் யோசித்து, “ஆனா கம்பெனில டஜனாத்தானுங் சார் கட்டுவாங்க, கட்டுக்குப் பன்னண்டு வருமே” என்றாள்.

இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று ஆறாம் வகுப்பில் என் பதிவேட்டில் நான் குறித்திருந்தேன். பத்துக்குப் பத்தாக அடுக்கும் நம் எண் முறையை, பன்னிரண்டாக அடுக்கினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டுவிட்டாள். அன்றைக்கு மீதி இருந்த எட்டு நிமிடமும் டஜன் கட்டிக் கழித்துப் பார்த்தோம். ஐந்து மாதத்தில் ஒன்பது பேரில் ஆறு பேர் மூன்று இலக்கக் கழித்தலைத் தயக்கமின்றிப் போடுகிறார்கள். இருவர் பாதி வழியில் இருக்கிறார்கள். ஒருவன் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டான், மாற்றுச் சான்றிதழ் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.

பயிலரங்கில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நாளிலும் பிள்ளைகளின் குரலோ பெற்றோரின் குரலோ அந்த அரங்குக்குள் வரவே இல்லை. என் கூற்றை எழுதத் தூண்டியவர் ஒரு செக்கிங் தொழிலாளி; அவரைப் போன்ற இரண்டு பேரை அரை மணி நேரம் அழைத்து உட்காரவைத்து, எங்கள் வாக்கியங்களை அவர்கள் முன் படிக்கச் செய்திருந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்திருக்கும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து திருப்பூரிலும் பெருந்துறையிலும் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியும் யாரும் பேசவில்லை. என் வகுப்பிலேயே அப்படி மூவர் இருக்கிறார்கள். தமிழில் எழுதிய கணக்கு வினாவைப் படித்தறிவதே அவர்களுக்கு முதல் கணக்கு. என் கூற்றும் இதுவரை அவர்களைத் தொடவில்லை என்பதை இதை எழுதும்போது காண்கிறேன்; அடுத்த திருத்தம் அங்கேதான் வர வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்களில் வகுப்பறையில் நெடுநாள் பணியாற்றியவர் இருக்கிறாரா, அவருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? கைப்புத்தகம் எந்த மொழியில் இருக்கிறது? பின்னர் அழைத்துப் பேசப்போகிறவர் யார், எந்த நேரத்தில் அழைப்பார்? என் அனுபவத்தில், இரண்டாம் நாளை மட்டும் தனியே 1,000 ரூபாய்க்கு நடத்தினால் தயங்காமல் போகச் சொல்வேன். 2,400 ரூபாய்க்கு, பணிக்கு வந்து பத்தாண்டு கடந்து, அன்றாட வேலையின் ஓட்டத்தில் தம் நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்கும் ஆசிரியருக்குப் பரிந்துரைப்பேன்; புதிதாகப் பணியேற்றவர் இரண்டு ஆண்டு வகுப்பெடுத்துவிட்டுப் போவது நல்லது, ஏனெனில் கணக்குப் பார்க்க அவரிடம் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். போகும்போது மை பேனாவை வைத்துவிட்டுப் பால் பாயிண்ட் பேனாவும், சென்ற வாரத்துப் பாடக் குறிப்பேடும், வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து எழுதியெடுத்த பெயர்ப் பட்டியலும் கொண்டுபோங்கள். பட்டியல் முழுமையாக இருக்கட்டும். திங்கட்கிழமை வராத பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.